தரைமார்க்கப் பிரயாணம் திட்டமிடும் முறை
(சிங்கப்பூரிலிருந்து பாங்காக் வரை)



நம் வியாபாரிகளில் கப்பலேறாதவர் முன்னாளில் இல்லை; விமானமேறாதவர் இந்நாளில் இல்லை. ஆனால் நம் வாசற்படியிலிருந்தே புறப்பட்டு சயாம் தேசத்தின் தலைநகர் வரை செல்லும் ராஜபாட்டை ஒன்று இருப்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அறுவர் இரண்டு லாண்ட் ரோவர் கார்களில் லண்டனை விட்டுப் புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். 1959இல் ஐக்கிய நாட்டுச் சபையின் ஆதரவில் ஆசிய நெடுஞ்சாலைத் திட்டம் தொடங்கிற்று. அதன் இரண்டாம் எண் சாலை சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாட்யாய், பாங்காக் வழியாகவே செல்கிறது.

இப்போது நம் அங்கத்தினர் பலர் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் காரில் சயாம் போய்வர விரும்புகின்றனர். சரக்கு பார்த்தாற்போலவும் ஆகும், ஊர் பார்த்தாற்போலவும் ஆகும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணமே. ஆயினும் திட்டமில்லாப் பிரயாணம் கணக்கெழுதாக் கடை போன்றது. அதை நாம் பட்டே தெரிந்துகொண்டோம். அந்தப் பாடத்தையே இங்கே எழுதுகிறோம்.

நாம் பட்ட பாடு

2019ஆம் ஆண்டு நாம் நால்வர் ஒரு காரில் பாங்காக் போய்வரத் தீர்மானித்தோம். எங்களில் மூத்தவர் ஜவுளி வியாபாரி. காக்கா என்றே அழைப்போம். காரும் அவருடையதே. போக வர பத்து நாள் என்று காகிதத்தில் எழுதினோம். எழுதும்போது எல்லாம் சரியாகவே தெரிந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை எல்லைச் சாவடியை அடைந்தோம். அதிகாரி காரின் பதிவுச் சீட்டையும் எங்கள் பாஸ்போர்ட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டிலுள்ள பெயர் எங்களில் எவருக்கும் இல்லை.

"காக்கா, கார் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டோம்.

"கடை பேர்லதான் தம்பி. நம்ம கடைதானே!" என்றார் அவர்.

கடை நம்முடையதுதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குக் கடை வேறு, நாம் வேறு. உடைமையாளர் இன்னாருக்கு இந்தக் காரைக் கொண்டுபோக அனுமதிக்கிறார் என்னும் கடிதம் இருந்தால்தான் வண்டி உள்ளே போகும். கையெழுத்திட வேண்டிய பங்காளியோ அப்போது ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். திரும்பி வந்து சங்லூனில் தங்கினோம். திங்கட்கிழமை கடிதம் கைபேசியில் வந்து, அதை அச்செடுத்து எல்லையைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு நாள் நஷ்டம், அவ்வளவே. ஆனால் இழந்த நாளை மீட்க வேண்டும் என்ற அவசரம் எங்களைப் பிடித்துக்கொண்டது. ஹாட்யாயில் தங்காமல் இரவோடிரவாகச் சூரத்தானியை நோக்கி ஓட்டினோம். பத்தலுங் தாண்டி நள்ளிரவுக்குமேல் ஓட்டியவர் கண்ணயர்ந்தார். கார் சாலையோரத் தடுப்பில் மோதிற்று. அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. வேறு எவர்மீதும் மோதவுமில்லை. காக்காவின் வலது கை எலும்பு முறிந்தது. இன்றளவும் அவர் அந்தக் கையால் துணிக்கட்டைத் தூக்குவதில்லை.

பிறகு இன்ஷுரன்ஸ் பத்திரத்தைப் புரட்டினோம். மலேசிய எல்லையிலிருந்து 80 கி.மீ. வரைதான் சயாமில் அது செல்லும் என்று எழுதியிருந்தது. நாங்கள் அந்த அளவைக் கடந்திருந்தோம். கார் பழுதின் முழுச் செலவும் கைப்பணத்திலிருந்தே போயிற்று. பாங்காக்கை நாங்கள் பார்க்கவேயில்லை.

இதில் சாவடி அதிகாரிமேல் குற்றமில்லை, இன்ஷுரன்ஸ்காரர்மேலும் குற்றமில்லை. குற்றம் எங்கள் திட்டத்தின் மேலது.

முதற் பாடம்: நாட்களைப் பின்னிருந்து எண்ணுக

ஊர்களை முதலில் எழுதி நாட்களை அவற்றுள் திணிப்பது தவறு. கடையில் மறுபடி உட்கார வேண்டிய நாளை முதலில் குறியுங்கள். அதற்கு முந்திய ஒரு நாளை வெறும் நாளாக விடுங்கள். அது கையிருப்பு; செலவாகாவிட்டால் வீட்டில் இளைப்பாறலாம். பிறகு தங்கும் நாட்கள், அதன்பின் ஓட்டும் நாட்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால் புறப்படும் நாள் தானே தெரியும்.

ஓட்டும் நாளுக்கு நாம் இப்போது கைக்கொள்ளும் அளவு இது: ஒரு நாளைக்கு 400 கி.மீ.க்கு மேல் இல்லை, இருட்டியபின் ஓட்டுவதில்லை. தொழுகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மலேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கி.மீ., சயாமில் 60 கி.மீ. என்றே கணக்கிடுகிறோம். எல்லை தாண்டும் நாளில் பாதி நாளை எல்லைக்கே எழுதிவிடுகிறோம்.

இந்த அளவின்படி பாங்காக் பயணம் இவ்வாறு அமையும். தூரங்கள் சுமாரானவை.

முதல் நாள்: சிங்கப்பூர் – கோலாலம்பூர், 350 கி.மீ.
2ஆம் நாள்: கோலாலம்பூர் – பினாங்கு, 350 கி.மீ.
3ஆம் நாள்: பினாங்கு – ஹாட்யாய், 215 கி.மீ., எல்லை உட்பட.
4ஆம் நாள்: ஹாட்யாயில் தங்கல்.
5ஆம் நாள்: ஹாட்யாய் – சூரத்தானி, 310 கி.மீ.
6ஆம் நாள்: சூரத்தானி – பிரச்சுவாப் கிரிகான், 360 கி.மீ.
7ஆம் நாள்: பிரச்சுவாப் – பாங்காக், 280 கி.மீ.
8, 9ஆம் நாட்கள்: பாங்காக்கில் தங்கல்.
10 முதல் 15 வரை: வந்த வழியே திரும்புதல்.
16ஆம் நாள்: கையிருப்பு.

போகும் வழி மாத்திரம் 1,900 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நாங்கள் பத்து நாளில் முடிக்க நினைத்தது எத்தகைய அறிவீனம் என்பது இப்போது விளங்கும். பதினாறு நாள் கடையை விட முடியாதவர் ஹாட்யாயோடு திரும்பலாம். அதற்கு ஏழு நாள், கையிருப்போடு எட்டு. குறைந்த தூரம் போய் நிறைவாகத் திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாம் பாடம்: பஞ்சாங்கம் பார்க்க

இங்கே பஞ்சாங்கம் என்பது மழையும் விடுமுறையும். சயாமின் மேற்குக் கரையில், அதாவது புக்கெட் பக்கம், மே முதல் அக்டோபர் வரை மழை. கிழக்குக் கரையிலும் ஹாட்யாயிலும் நவம்பர், டிசம்பரில் கனமழை. 2000, 2010, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நவம்பர் மாதத்திலேயே ஹாட்யாய் நகரம் வெள்ளத்தில் மூழ்கிற்று. பள்ளி விடுமுறை என்பதற்காக அம்மாதத்தைத் தேர்ந்தெடுப்போர் இதை மனதிற் கொள்ளவும்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சயாமியர் புத்தாண்டான சொங்கிரான். அந்நாட்களில் கடைகள் பல அடைப்பு, சாலைகளிலோ நெரிசல். விபத்துகளும் அப்போதுதான் அதிகம். சரக்கு பார்க்கப் போகிறவருக்கு அது ஏற்ற காலமன்று.

வெள்ளிக்கிழமை எந்த ஊரில் இருப்போம் என்பதையும் திட்டத்திலேயே குறித்துவிடுங்கள். பினாங்கில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், பாங்காக்கில் ஹாரூன் பள்ளிவாசலும் உள்ளன. ஹாட்யாயைச் சுற்றி முஸ்லிம்கள் நிறைய வாழ்வதால் ஹலால் உணவுக்குக் குறைவில்லை. சூரத்தானிக்கு வடக்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். வண்டியில் ரொட்டியும் பேரீச்சம்பழமும் இருக்கட்டும்.

கடிகாரத்தையும் மறவாதீர். 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசிய, சிங்கப்பூர் நேரம் சயாம் நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. போகும்போது ஒரு மணி லாபம், வரும்போது நஷ்டம். பாடாங் புசார் போன்ற சாவடிகள் இரவில் அடைக்கப்படும். ஆதலால் அடைக்கும் நேரத்தைக் கேட்கும்போது எந்த நாட்டு மணி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாம் பாடம்: காகிதங்கள்

ஆளுக்குரியவை வேறு, வண்டிக்குரியவை வேறு. இரண்டு உறைகளில் பிரித்து வைக்க வேண்டும்.

ஆளுக்குரியவற்றில் முதலாவது பாஸ்போர்ட். 6 மாதமேனும் தவணை மிச்சமிருக்க வேண்டும். சயாம் செல்வோர் எந்நாட்டவராயினும் 2025 மே முதல் தேதியிலிருந்து டிஜிட்டல் வருகைச் சீட்டை இணையத்தில், வந்து சேர்வதற்கு முந்திய மூன்று நாளுக்குள், நிரப்பியாக வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, கட்டணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர். மலேசியாவும் 2024 ஜனவரியிலிருந்து இத்தகைய சீட்டைக் கேட்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அதில் விலக்குண்டு. சிங்கப்பூரில் நிரந்தரவாசம் பெற்று இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு விலக்கில்லை. அவர்கள் இரு நாட்டு விசா விதிகளையும் புறப்படுமுன் தனியே விசாரிக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸைப் பொறுத்தவரை, ஆசியான் நாடுகள் ஒன்றன் உரிமத்தை மற்றொன்று ஏற்பதென 1985இல் ஒப்பந்தம் செய்துள்ளன.

வண்டிக்குரியவற்றில் முதலாவது பதிவுச் சீட்டு. கார் உங்கள் பெயரில் இல்லையேல், அது கடையின் பெயரானாலும் சரி, அத்தாவின் பெயரானாலும் சரி, உடைமையாளரின் அனுமதிக் கடிதம் அவசியம். கடனில் உள்ள காரானால் கடன் கொடுத்தவரையும் கேட்டுக்கொள்வது நலம். எல்லையில் டி.எம். 2, டி.எம். 3 என்னும் குடிநுழைவுப் படிவங்களும், சுங்கக்காரர் தரும் தற்காலிக இறக்குமதிக் காகிதமும் உண்டு. இந்தச் சுங்கக் காகிதத்தைத் தொலைக்கவே கூடாது. திரும்பும்போது அதைக் கொடுத்துத்தான் காரை வெளியே கொண்டுவர முடியும். தவணை கடந்தால் அபராதம்.

சிங்கப்பூர்க் கார்களுக்கு மேலும் சில உண்டு. மலேசியா 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து வி.இ.பி. அனுமதியைக் கண்டிப்பாக்கி, இல்லாதவருக்கு 300 ரிங்கிட் அபராதம் விதித்தது. நுழைவுக்குச் சாலைக் கட்டணம் 20 ரிங்கிட். சிங்கப்பூரை விட்டுப் புறப்படும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும். மலேசியாவில் வெளிநாட்டுக் கார்கள் ரோன் 95 பெட்ரோல் போடக் கூடாது, ரோன் 97தான்.

இன்ஷுரன்ஸை அழுத்திச் சொல்கிறோம். சிங்கப்பூர்ப் பத்திரங்கள் பொதுவாகச் சயாமில் எல்லையிலிருந்து 80 கி.மீ. வரைதான் செல்லும். மலேசியப் பத்திரங்கள் பெரும்பாலும் மலேசியா, சிங்கப்பூர், புரூணை மூன்றுக்கே. சயாமுக்குத் தனியே விரிவு வாங்க வேண்டும். இவற்றோடு சயாம் அரசின் கட்டாய இன்ஷுரன்ஸும் வேண்டும். அது எல்லையிலேயே கிடைக்கும், விலையும் சொற்பமே. ஆனால் அது மனிதருக்கு ஏற்படும் காயத்துக்குத்தான். காரின் சேதத்துக்கு ஒரு காசும் தராது. கட்டாயச் சீட்டு வாங்கியதாலேயே எல்லாம் அடங்கிற்று என்று எண்ணியவர்களில் நாமும் ஒருவர்.

நான்காம் பாடம்: சாலையும் சரக்கும்

சயாமிலும் நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டுவர். ஆனால் லாவோஸ், கம்போடியா, பர்மா, வியட்நாம் எல்லாம் வலப்புறம். பாங்காக்கிற்கு அப்பாலும் போக விரும்புவோர் இதை நினைவிற் கொள்க. சயாம் நெடுஞ்சாலைகளில் நடுத்திட்டை வெட்டித் திரும்பும் இடங்கள் பல. வலது ஓரத்தில் வேகமாகப் போகும்போது திடீரென ஒரு லாரி திரும்பி நிற்கும். இடது ஓரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வரும். பட்டணத்துக்கு வெளியே பொதுவான வேக வரம்பு 90 கி.மீ.; குறிப்பிட்ட சில சாலைகளில் மாத்திரம் 120.

பட்டாணி, யாலா, நாராத்திவாட் மாகாணங்களிலும் சொங்க்லாவின் சில வட்டாரங்களிலும் 2004 முதல் கலவரம் நீடித்து வருகிறது. அவ்வழி குறுக்கானது என்று யாரும் சொன்னால், வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. பாங்காக்கின் பாஹுராட் துணிச் சந்தையையும் சாம்பெங் சந்தையையும் கண்டால் கை சும்மா இராது. சொந்த உபயோகத்துக்கு வாங்கினால், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து சிங்கப்பூர் திரும்புவோருக்கு 500 வெள்ளி வரை வரிச் சலுகை உண்டு. விற்பனைச் சரக்குக்கு அச்சலுகை அறவே இல்லை. பத்து ஒரே மாதிரிச் சட்டைகளைச் சொந்த உபயோகம் என்று சொல்லி நம் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பிள் மாத்திரம் கொண்டுவந்து, சரக்கை முறையாக அனுப்பச் சொல்லுங்கள். ரொக்கம் 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்பட்டால் சிங்கப்பூரில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வேப் என்னும் புகைக்கருவி சிங்கப்பூரிலும் சயாமிலும் தடை செய்யப்பட்டது; பிள்ளைகளின் பைகளையும் பார்த்துக்கொள்க.

முடிவாக

திட்டம் என்பது ஓடும் வேகத்தைக் கூட்டுவதற்கன்று. தடங்கல் வந்தால் எதை விட்டுவிடுவது என்பதை வீட்டிலிருந்தபடியே முடிவு செய்வதற்கு. எங்கள் காகிதத்தில் ஊர்கள் இருந்தன, மணிக்கணக்கு இருந்தது. "ஒரு நாள் தவறினால் சூரத்தானியோடு திரும்புவோம்" என்ற ஒரு வரி மாத்திரம் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் காக்காவின் கை முறிந்திராது. வியாபாரத்தில் நஷ்டத்தை அன்றே எழுதிக் கணக்கை முடிப்பவன் பிழைப்பான். மறுநாளே மீட்கத் துடிப்பவன் மேலும் இழப்பான். வழிப்பயணத்திலும் அப்படியே.

சென்ற ஆண்டு காக்காவும் நாமும் மறுபடி புறப்பட்டோம். உறைகள் இரண்டு, கடிதம் ஒன்று, கையிருப்பு நாள் ஒன்று. இம்முறை ஹாட்யாயோடு திரும்பிவிட்டோம். "பாங்காக் எங்கேயும் ஓடிப் போகாது தம்பி" என்றார் காக்கா. போகிற சகோதரர்கள் நலமே போய் நலமே திரும்புவார்களாக!