பாலிகிளினிக் பொறுப்பை ஏற்கும் தம்பிக்கு



ராணுவ மருத்துவப் பிரிவில் குறுகிய காலப் பணியை முடித்துவிட்டு, முன்னாள் படைவீரர் பாலிகிளினிக் ஒன்றின் பொறுப்பு அதிகாரியாகச் சேரப் போகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஃபைல் பார்க்கும் ஆளாகிவிடுவோமோ என்று கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். இதே வேலைக்கு வரும் மற்ற இளம் மருத்துவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் மருத்துவ முடிவுதான். மருந்து இருப்புப் பதிவேடு, டோக்கன் கொடுக்கும் நேரம், ஆம்புலன்ஸுக்கு டீசல், லேப் டெக்னீஷியனின் லீவு எல்லாமே கடைசியில் யாரோ ஒருவருடைய சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும்தான் போய் முடியும். இதை நம்பினால் அந்த வேலை உங்களுக்குப் பிடித்துப்போகும். நம்பாவிட்டால் சீக்கிரம் சலித்துவிடும்.

இந்தப் பாலிகிளினிக்குகளை நடத்துவது இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். அது 2003 ஏப்ரல் 1-ம் தேதி தொடங்கியது. அதற்கு முன்பு எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நாயக் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், பரங்கிமலை ராணுவ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பணியில் இருப்பவர்களுக்குப் போக இடம் இருந்தால் பார்ப்பார்கள். இன்று நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. தாம்பரத்திலும் ஒன்று உண்டு. அங்கே முடியாததற்கு, திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள பேனல் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் எழுதிக் கொடுக்கிறார்கள். கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. இது சும்மா வந்த சலுகை அல்ல. ஓய்வு பெறும்போதே ஒருமுறைச் சந்தா பிடித்துக்கொள்கிறார்கள். 2017 டிசம்பர் இறுதியில் வந்த கட்டணப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. உங்கள் மேசைக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் தன் பங்கைக் கட்டிவிட்டு வந்தவர். கவுன்டரில் இருப்பவர்களுக்கும் இதை அடிக்கடி நினைவுபடுத்துங்கள்.

நம் பகுதியின் நிலைமை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் பதினைந்து, பதினேழு வருஷத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள். பென்ஷன் மட்டும் போதாது. ஒரகடம், மறைமலை நகர், பரனூர் மகேந்திரா சிட்டி என்று எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை கம்பெனி கேட்டுகள் இருக்கின்றனவோ, அத்தனையிலும் செக்யூரிட்டி உடுப்பில் ஒரு பட்டாளத்துக்காரரைப் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பாலிகிளினிக் இயங்குவதோ பகலில் மட்டும். பகல் ஷிப்ட் ஆளுக்கு அங்கே வர ஒருநாள் சம்பளம் போகும். இரவு ஷிப்ட் ஆள் கேட்டில் கண் விழித்துவிட்டு, காலை ரயிலில் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு காட்டினாலும், அதில் தூங்காத இரவுக்கும் பங்கு உண்டு. அதைப் பார்த்து உடனே மாத்திரையைக் கூட்டி எழுதிவிடாதீர்கள். என்ன ஷிப்ட் என்று முதலில் கேளுங்கள்.

மூன்று மாதமாக மருந்து வாங்க வராதவரை, சொன்ன பேச்சு கேட்காத நோயாளி என்று குறித்து வைக்கும் பழக்கம் எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. உங்கள் இடத்தில் அதை நிறுத்துங்கள். வராதவர்களின் பெயரை மாதாமாதம் எடுத்துப் போன் செய்யச் சொல்லுங்கள். ஒருவர் ஊர் மாறியிருப்பார், ஒருவர் கூடுவாஞ்சேரிக் கடையில் தன் காசில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் பக்கவாதம் வந்து வீட்டில் படுத்திருப்பார். என் அனுபவத்தில், வருகிறவர்களைவிட வராதவர்களிடம்தான் ஒரு பாலிகிளினிக்கின் உண்மையான நிலவரம் தெரியும்.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் இருந்தவர் புகார் சொல்லமாட்டார். அதிலும் சிப்பாயாக இருந்தவர், எதிரே இருப்பவர் மேஜர் என்று தெரிந்தால் வலியைக்கூட விறைப்பாக நின்று பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் போனில் ஒரு வார்த்தை பேசினால் அரை மணியில் காரியம் ஆகும். பேனல் ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்பது பதவியைப் பொறுத்தது, அது விதி. ஆனால் டாக்டரைப் பார்க்கும் வரிசையில் வயதும் நோயின் அவசரமும் மட்டுமே கணக்கு. முதல் நாளே இதை அறிவித்துவிடுங்கள். சில நாள் முணுமுணுப்பு இருக்கும். பெரும்பாலான அதிகாரிகள் ஒப்புக்கொள்வார்கள். தங்கள் ஆட்களுக்கு முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத் தாங்கள் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். 'என்.ஏ.' என்று ஒரு முத்திரை இருக்கிறது, இருப்பில் இல்லை என்று சொல்ல. தலைவலி மாத்திரைக்கு அது விழுந்தால் பெரிதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த சில மாதங்களுக்குள் குளோபிடோக்ரெல்லுக்கு விழுந்தால், அந்த இடைவெளியில் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து ஆள் போய்விடலாம். இன்சுலினும் வலிப்பு மாத்திரைகளும் அப்படித்தான். பார்மசிஸ்டோடு உட்கார்ந்து, ஒருநாள்கூடத் தீரக்கூடாத மருந்துகள் என்று ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். அவை குறைவதற்கு முன்பே உள்ளூர்க் கொள்முதல் நடக்க வேண்டும். கணக்குப் பிரிவு கேள்வி கேட்டால், நோயாளியின் நிலையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவக் காரணத்தை மருத்துவர்தான் எழுத முடியும். அதனால்தான் அந்த நாற்காலியில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

அமெரிக்காவின் கதை ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னாள் படைவீரர்களுக்காக அங்கே அரசே நடத்தும் மருத்துவத் துறை மிகப் பெரியது. 1994-ல் அதன் தலைமைக்கு வந்த கென்னத் கைசர் ஒரு மருத்துவர். படுக்கைகளைக் குறைத்து, வெளிநோயாளர் மையங்களைப் பெருக்கி, தரத்தை அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்து, பெயர் கெட்டுப்போயிருந்த ஒரு துறையைத் தூக்கி நிறுத்தினார். அதே துறை 2014-ல் பீனிக்ஸ் நகரில் தலைகுனிந்தது. டாக்டரைப் பார்க்கச் சராசரியாக 24 நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். தணிக்கை அதிகாரிகள் 226 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது உண்மையில் 115 நாள். 1,700 பேர் வரை எந்த அதிகாரபூர்வப் பட்டியலிலும் ஏறவே இல்லை. குறைந்த நாள் காட்டினால் நல்ல பெயரும் ஊக்கத்தொகையும் கிடைக்கும் என்ற ஏற்பாடே ஆட்களைப் பொய்யெழுத வைத்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாம் ஃபூட் என்ற மருத்துவர்தான் அதை வெளியே கொண்டுவந்தார். அந்த ஆண்டு மே 30-ம் தேதி, துறையின் அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அவரும் வியட்நாமில் கால் சிதைந்து திரும்பிய படைவீரர்தான்.

ஷின்செகி நல்ல மனிதர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மேலே நல்லவர் இருந்தும், கீழிருந்து வந்த எண்கள் அவரை ஏமாற்றின. உங்களிடமும் மாத அறிக்கை வரும். இத்தனை பேர் பார்க்கப்பட்டனர், இத்தனை ரெஃபரல் கொடுக்கப்பட்டது என்று இருக்கும். ரெஃபரல் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது என்ற எண் அதில் இருக்காது. அதை நீங்களாகவே எழுத ஆரம்பியுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. ஆனால் பில் பாக்கி ஏறினால் சில ஆஸ்பத்திரிகள் 'இ.சி.எச்.எஸ். பெட் காலியில்லை' என்று திருப்பி அனுப்பும். திரும்பி வந்தவர் உங்களிடம் வந்து சொல்லமாட்டார். கண்புரை முற்ற முற்ற வீட்டிலேயே இருந்துவிடுவார். நீங்கள் கேட்டு எழுதி, தேதியோடு இ.சி.எச்.எஸ். மண்டல மையத்துக்கு அனுப்பினால், அந்த ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்க அவர்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும்.

விதவைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கணவர் இருந்தவரை கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாம் அவர் கையில். அவர் போன பிறகு, ராணுவ ஆவணத்தில் லட்சுமி, ஆதாரில் லட்சுமியம்மாள் என்று இருப்பதால் புதுக் கார்டு கிடைக்காமல் அலையும் அம்மாக்கள் செங்கல்பட்டு வரை ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அஞ்சூரிலிருந்தோ கொண்டமங்கலத்திலிருந்தோ ஒரு முதிய பெண் பஸ்ஸும் ரயிலும் மாறி வந்து, 'நாளைக்கு வாம்மா' என்ற பதிலோடு திரும்பினால் மறுபடி வரமாட்டார். மாதத்தில் ஒருநாள், கார்டுச் சிக்கலுக்கு மட்டும் ஒரு மேசை போடுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து ஒருவரை அன்று வரச் சொல்லிக் கேளுங்கள். அந்த அம்மாவின் சர்க்கரை நோய்க்கு முதல் சிகிச்சை அந்தப் பெயர்த் திருத்தம்தான்.

நோயாளிகள் தாமாகச் சொல்லாத மூன்று விஷயங்களை நீங்களே கேளுங்கள். ஒன்று காது. அனுமந்தபுரத்தில் ராணுவத்தினர் சுட்டுப் பழகும் சத்தம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழக்கம். பீரங்கிப் படையில் வருஷக்கணக்கில் நின்றவரின் காது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். மனைவி சொல்வது கேட்கவில்லை, கோபக்காரர் என்று பெயர் வாங்கியிருப்பார். இரண்டு குடி. கேன்டீன் கோட்டா பாட்டில் எத்தனை, யார் குடிக்கிறார்கள் என்று தயங்காமல், மரியாதையாகக் கேளுங்கள். மூன்று தூக்கம். இலங்கைக்கு 1987-ல் போய்க் கண்ணிவெடியில் தோழனை இழந்தவர், கார்கிலில் 1999-ல் இருந்தவர், இன்னும் இரவில் எழுந்து உட்காருகிறார். அதை நோய் என்று அவரும் நினைப்பதில்லை, வீட்டாரும் நினைப்பதில்லை. மனநல மருத்துவருக்கு ரெஃபரல் எழுதும்போது தனியறையில் எழுதுங்கள். பத்துப் பேர் நடுவில் சொன்னால் அந்தச் சீட்டு சட்டைப்பையிலேயே கிழிந்துவிடும்.

உங்கள் ஊழியர்கள் எல்லாரும் ஒப்பந்தக்காரர்கள், உங்களையும் சேர்த்து. புதுப்பிப்பார்களா என்ற பயம் அவர்களை வாய் மூட வைக்கும். அவர்கள் பேசும்படி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஊசி போடும்போது, மாத்திரை கொடுக்கும்போது பார்கோடு வைத்து நோயாளியைச் சரிபார்க்கும் முறை அமெரிக்கப் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் எப்படி வந்தது தெரியுமா? கன்சாஸ் மாநிலம் டொபீக்காவில் சூ கின்னிக் என்ற நர்ஸ், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது கம்பெனிக்காரர் கையடக்கக் கருவியால் அதை ஸ்கேன் செய்ததைப் பார்த்தார். இதை நம் வார்டில் செய்தால் மருந்து மாறிப்போகாதே என்று யோசித்தார். அவர் சொன்னதை உட்கார்ந்து கேட்க அங்கே ஆள் இருந்தது. பின்னர் நாடு முழுவதும் உள்ள அந்தத் துறை ஆஸ்பத்திரிகளுக்கு அது பரவியது. உங்கள் நர்சிங் அசிஸ்டென்ட்டும் துப்புரவுப் பணியாளரும் வரிசையில் நிற்பவர்களை உங்களைவிட நன்றாக அறிவார்கள். வாரம் ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்து அவர்களோடு உட்காருங்கள்.

நோயாளி பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் காலையில் சிலரையாவது நீங்களே பாருங்கள். எந்த அறிக்கையிலும் வராத செய்தி அங்கேதான் வரும். சிக்கலான நோயாளி என்றால் ராணுவ ஆஸ்பத்திரியின் மூத்த மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள். உங்களுக்கு வழிகாட்டுவது அவருடைய கடமைகளில் ஒன்று.

இன்னும் ஒரு கூட்டம் உங்கள் வாசலுக்கு வரப்போகிறது. 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த பையன்களில் கால்வாசிப் பேரைத்தான் நான்கு வருஷத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு பென்ஷனும் இல்லை, இ.சி.எச்.எஸ். கார்டும் இல்லை. முழங்கால் வலியோடோ காதில் இரைச்சலோடோ ஒரு இருபத்தைந்து வயதுப் பையன் வந்து, 'சார், நானும் ஆர்மிதான்' என்று நின்றால் அவனுக்கு ரெஃபரல் எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்காது. உட்கார வைத்துப் பரிசோதிக்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் எந்த நோய்க்கு எந்தக் கிழமை, எந்தப் பிரிவு என்று சொல்லி அனுப்பலாம். அந்த விவரங்களை இப்போதே விசாரித்து எழுதி, வரவேற்பு மேசையில் ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து
ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர்