கறிவேப்பிலையின் மணம் காப்போம்



சென்ற பொங்கலுக்கு வாங்கிய கறிவேப்பிலையில் பாதி, நம் மடைப்பள்ளியில் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போயிற்று. கழுவிய ஈரத்தோடு பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தது எங்கள் தவறு. அதில் கற்றதை இம்மாதப் பாடமாகத் தருகிறோம்.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவரலாமே என்று எண்ண வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அது 1998இல் ஃபுளோரிடாவிலும் காணப்பட்டது. ஆகவே, இங்கே கிடைப்பதைப் பேணுவதே நமக்கு வழி.

இலையின் மணம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. சூடும் வெளிச்சமும் காற்றும் அந்த எண்ணெயைப் போக்கிவிடும். இலைமேல் தங்கும் ஈரமோ இலையையே அழுகவைக்கும். இவ்விரண்டையும் நினைவில் கொண்டால் மற்றவை எளிது.

கறிவேப்பிலை: கழுவினால் துணியில் பரப்பி நன்றாக ஈரம் போக்குங்கள். உருவிய இலைகளைக் காற்றை வெளியேற்றிய பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சில மாதங்கள் மணம் நிற்கும். வெளியே எடுத்து வைத்தால் கறுத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேரே தாளிப்பில் போடுங்கள். காயவைத்தால் மணத்தில் பெரும்பகுதி போய்விடும். அது பொடிக்கு ஆகும், ரசத்துக்கு ஆகாது.

கொத்தமல்லி, புதினா: தண்டின் நுனியை நறுக்கி, பூங்கொத்தைப் போல் ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்டு நீரில் நிற்கலாம். இலை நனையக் கூடாது. மிஞ்சினால் அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். புதினாவை நிழலில் உலர்த்தலாம். கொத்தமல்லி உலர்ந்தால் வெறும் சருகுதான்.

துளசி: இதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஏறக்குறைய 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இலை கறுக்கத் தொடங்கும். பூஜைக்குப் பறித்தது மிஞ்சினால், காம்பை நீரில் வைத்து வெளியிலேயே வையுங்கள்.

உலர்ந்த இலைகள்: கசூரி மேத்தி போன்றவற்றை அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காதீர்கள். இறுக மூடிய டப்பாவில், இருட்டில் வைத்து, வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் டப்பாவைக் கவிழ்க்காமல், உலர்ந்த கரண்டியால் எடுங்கள். உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். மணம் வராவிட்டால் குழம்பிலும் வராது.

ஓர் எச்சரிக்கை: பச்சை இலைகளை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கொடிய நச்சுக்கிருமி வளரக்கூடும்.

கறிவேப்பிலையைப் போல் ஒதுக்கிவிட்டார்கள் என்பது நம் ஊர்ப் பேச்சு. இங்கோ, தாளிக்கும் அந்த வாசனையில்தான் நம் பிள்ளைகள் பாட்டி வீட்டை அறிகிறார்கள். அடுத்த அன்னதானத்தில் ஓர் இலையும் வீணாகாமல் பார்த்துக்கொள்வோம்.