நீலம் போட்டால் பச்சை வருகிறதே!

மகனின் பிறந்தநாளுக்கு அறுகம்பே கடலலை போல ஒரு கேக் செய்கிறேன். பட்டர் ஐசிங்கில் நீலம் கலந்தால் பாசி பிடித்த குளம்போலப் பச்சையாகிறது. என்ன செய்வது?
– வாசகி, பொத்துவில்

குற்றம் நீலத்தில் இல்லை தங்கச்சி, பட்டரில். அதன் மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சைதான். மாஜரின் என்றால் இன்னும் மோசம். முதலில் பட்டரை மட்டும் ஏழெட்டு நிமிடம், வெளுக்கும்வரை பீட்டரால் அடியுங்கள். பிறகு ஐசிங் சீனி. அடுத்து டூத்பிக் நுனியில் ஊதா ஜெல் கலரை எடுத்து, தொட்டும் தொடாமலும் கலக்குங்கள். ஊதா மஞ்சளை அடக்கிவிடும்; கூடினால் சாம்பல் பூத்துவிடும், கவனம். இனி நீலம். தண்ணீர் கலர் வேண்டாம், ஐசிங் இளகிவிடும். நம் வெக்கைக்கு அது ஏற்கெனவே இளகத்தான் பார்க்கிறது.

நினைத்த நிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். சில மணி நேரத்தில் அதுவே கடுமையாகும். முதல்நாள் இரவே கலந்து ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது.

அந்தப் பாசிக்குளத்தைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் நீலம் சேர்த்துக் கரையோரத்துக்குப் பூசுங்கள். ஆழமில்லாத கடல் அந்த நிறம்தானே! நுரைக்குக் கலர் சேர்க்காத ஐசிங் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தீர்களா?