டீமை நடத்தத் தெரிஞ்சா சம்பளம் ஏறுமா? என்.எல்.பி கோர்ஸுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்.ஐ.பி, டேர்ம் இன்ஷூரன்ஸ், வரி சேமிப்புன்னு பேசுவோம். இன்னைக்கு ஆளுங்களை வச்சு வேலை வாங்குறது பத்திப் பேசப் போறோம். "இதுக்கும் பணத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்பீங்க. முதல்ல ஒரு சின்னக் கணக்கைப் பாருங்க.

உங்க சம்பளம் இப்போ மாசம் ₹25,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 6% இன்கிரிமென்ட் வந்தா 10 வருஷத்துல அது சுமார் ₹44,800 ஆகும். அதே ஆளுக்கு 10% வந்தா சுமார் ₹64,800. மாசத்துக்கே ₹20,000 வித்தியாசம்! எந்த ஃபண்டு நல்ல ஃபண்டுன்னு ராத்திரி முழுக்க யூடியூப் பார்க்கிறோம். ஆனா இந்த 4% எங்கேயிருந்து வரும்னு யோசிக்கிறதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் 3 வருஷம் அது உங்க கைவேலையிலிருந்து வரும். அதுக்கப்புறம் பெரும்பாலும், மத்தவங்களைச் சேர்த்து ஒரு வேலையை முடிக்கிற திறமையிலிருந்துதான் வரும்.

ஏன் மேல்விஷாரம்?

டீம் மேனேஜ்மென்ட்னாலே எல்லாரும் ஐ.டி கம்பெனியைத்தான் உதாரணம் காட்டுவாங்க. நாம பாலாற்றங்கரைக்குப் போவோம். ஆற்காடு பக்கத்துல, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில இருக்கிற ஊர் மேல்விஷாரம். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு நீளுற தோல் பெல்ட்டுல முக்கியமான ஊர். இங்கே சி.அப்துல் ஹக்கீம் கல்லூரியிலயோ பக்கத்து இன்ஜினியரிங் காலேஜிலயோ படிச்சிட்டு, டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் பிளானிங், குவாலிட்டி, மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் போற பசங்க நிறைய பேர்.

அங்கே உங்க டீம்ல யார் யார் இருப்பாங்க? உங்க வயசை விட அதிக வருஷம் டிரம் பக்கத்துலயே நின்ன மாஸ்டர். தமிழே தெரியாத வடமாநிலத் தொழிலாளி. ஷூ யூனிட்ல அப்பர் தைக்கிற அக்காங்க. மெயில்லயே மிரட்டுற வெளிநாட்டு பையர். இவங்க யாரும் உங்களுக்கு "ரிப்போர்ட்" பண்றவங்க இல்லை. ஆனா ஷிப்மென்ட் லேட்டானா கேள்வி உங்களுக்குத்தான் வரும். கடல்வழி போக வேண்டிய சரக்கை விமானத்துல அனுப்ப வேண்டி வந்தா, அந்த ஆர்டரோட லாபமே கரைஞ்சு போகலாம். அந்த வருஷம் உங்க அப்ரைசல் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈ.க்யூ: ரொம்பச் சுருக்கமா

உணர்வுசார் நுண்ணறிவு, அதாவது எமோஷனல் இன்டலிஜென்ஸ். 1990ல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்தக் கருத்தை ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தார்கள். 1995ல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் இதை உலகம் முழுக்கக் கொண்டு போனது. அவர் சொன்ன ஐந்து அம்சங்கள்: தன்னை அறிதல், தன்னைக் கட்டுப்படுத்துதல், உள்ளிருந்து வரும் ஊக்கம், அடுத்தவர் நிலையை உணர்தல், பழகும் திறன்.

"ஐ.க்யூ வேஸ்ட், ஈ.க்யூ மட்டும் போதும்"னு சிலர் சொல்வாங்க. அது தப்பு. தோல் பத்தி ஒண்ணுமே தெரியாம, சிரிச்ச முகத்தோட மட்டும் டேனரியில பிழைக்க முடியாது. அதே மாதிரி, மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுக்கிறதும் ஈ.க்யூ ஆகாது. நல்ல விஷயம்தான், ஆனா அது வேற!

"ஆயிடும் தம்பி": ஒரு வார்த்தைக்குள்ள எத்தனை அர்த்தம்

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணுங்க. ஷூ அப்பர் லெதர் ஆர்டர். பையர் ஒரு பழுப்பு நிற சாம்பிளை ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டார். திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன். வெள்ளிக்கிழமை காலையில நீங்க டையிங் டிரம் பக்கம் போறீங்க.

"மாஸ்டர், ஷேடு ஓகேவா?"

"ஆயிடும் தம்பி."

நீங்க டிக் போட்டுட்டு வந்துடுறீங்க. சனிக்கிழமை தோல் காய்ஞ்சு வந்தா, கலர் சாம்பிளோட சேரலை. "அன்னைக்கே ஓகேன்னு சொன்னீங்களே!"ன்னு கத்துறீங்க. மாஸ்டர் முகம் சுருங்குது. அடுத்த தடவையிலிருந்து அவர் உங்ககிட்ட எதையும் முழுசா சொல்ல மாட்டார்.

தப்பு எங்கே? ஈரத்தோல்ல கலர் அடர்த்தியா தெரியும். காய்ஞ்ச பிறகுதான் உண்மையான ஷேடு தெரியும். டியூப் லைட்ல ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி இருக்கும். மாஸ்டருக்கு இது நல்லாவே தெரியும். அவர் சொன்ன "ஆயிடும்" என்பதற்கு "இன்னும் ஆகலை, பார்ப்போம்"னு அர்த்தம். நீங்க அதை "ஆயிடுச்சு"ன்னு எடுத்துக்கிட்டீங்க.

இங்கேதான் என்.எல்.பியில இருக்கிற ஒரு உருப்படியான விஷயம் உதவும்.

என்.எல்.பியில எடுத்துக்க வேண்டியது

நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங். 1970களில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் பேண்ட்லர், ஜான் கிரிண்டர் இருவரும் உருவாக்கியது. திறமையான மனநல சிகிச்சையாளர்கள் நோயாளிகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்து, அந்தப் பேச்சின் வடிவத்தைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் "மெட்டா மாடல்". பேர் பெருசா இருந்தாலும் விஷயம் எளிது: மனுஷங்க பேசும்போது தகவலை விட்டுடுவாங்க, பொதுமைப்படுத்துவாங்க, திரிச்சுடுவாங்க. விட்டுப்போனதைக் கேள்வி கேட்டு மீட்கணும்.

நம்ம ஊர் பேச்சுக்கு இப்படி மாத்திக்கலாம்:

1. "ஆயிடும்" என்றால்: "எது முடிஞ்சிருக்கு மாஸ்டர், எது பாக்கி? ஒரு பீஸை முதல்ல காயவச்சுப் பார்த்துடலாமா?"

2. "அவன் எப்பவுமே லேட்" என்றால்: "போன மாசம் எத்தனை நாள்? எந்த ஷிஃப்ட்ல?" மூணு நாள்தான், மூணுமே பஸ் இல்லாத நைட் ஷிஃப்ட்னு தெரிஞ்சா, பிரச்சினை ஆள்கிட்ட இல்லை, ஷிஃப்ட்ல இருக்கு.

3. "முடியாது சார்" என்றால்: "என்ன இருந்தா முடியும்?" கெமிக்கல் வரலையா, ஆள் பத்தலையா, மெஷின் ரிப்பேரா? பதில் வந்தா நீங்க செய்ய வேண்டிய வேலை தெரிஞ்சிடும்.

4. "எல்லாரும் கோவமா இருக்காங்க" என்றால்: "யார் யாரு? எதுக்கு?"

கவனிங்க. இதே கேள்விகளை போலீஸ் விசாரணை மாதிரியும் கேட்கலாம், கூட நின்னு வேலை பார்க்கிறவர் மாதிரியும் கேட்கலாம். குரலும் முகமும்தான் வித்தியாசம். அந்த இடத்துலதான் ஈ.க்யூ வேணும். பத்து பேர் முன்னாடி கேட்காதீங்க. மாஸ்டரை ஓரமா ஒரு டீக்குக் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. அவர் அனுபவத்துக்கு உரிய மரியாதை அதுல இருக்கு.

என்.எல்.பியில விட வேண்டியது

இனி மனசு கோணாம கேளுங்க. "கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தே பொய் சொல்றாங்களான்னு கண்டுபிடிக்கலாம்"னு சில டிரெய்னர்கள் சொல்றாங்க. 2012ல் வெளிவந்த ஒரு ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது, ஆதாரம் கிடைக்கவில்லை. ஒவ்வொருவரும் பார்வை, கேள்வி, தொடுகை என்று ஒரே "வகை"யைச் சேர்ந்தவர் என்ற கருத்துக்கும் ஆய்வுகள் துணை நிற்கவில்லை. 1988லேயே அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு, என்.எல்.பி பிறர் மீது செல்வாக்கு செலுத்த உதவும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

எதிரில் இருப்பவர் கையைக் கட்டினா நீங்களும் கட்டுற "மிர்ரரிங்" பத்தியும் ஒரு வார்த்தை. முப்பது வருஷம் ஆளுங்களைப் பார்த்த மாஸ்டர் அதை இரண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார். அப்புறம் உங்களை நடிகன்னுதான் நினைப்பார்.

கெட்ட செய்தி மேலே வரணும்

டீம் லீடரோட முக்கியமான வேலை எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்: கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேர்ற மாதிரி வச்சுக்கிறது.

இந்தத் தொழிலோட வரலாற்றையே பாருங்க. தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்கப் பயன்படுத்திய பி.சி.பி என்ற ரசாயனத்தை 1989ல் ஜெர்மனி தடை செய்தது. 1994ல் தீங்கான அமீன்களாகப் பிரியக்கூடிய சில அசோ சாயங்களையும் தடை செய்தது. ஜெர்மனிக்குத் தோல் அனுப்பிட்டிருந்த தமிழ்நாட்டு டேனரிகளுக்குப் பெரிய அதிர்ச்சி. முதலாளி மட்டும் நினைச்சா மாற்ற முடியாத விஷயம் இது. டிரம் மாஸ்டர், கெமிக்கல் சப்ளையர், லேப், அடையாறில் 1948லிருந்து இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எல்லாரும் சேர வேண்டியிருந்தது. யோசிச்சுப் பாருங்க: ஸ்டோர்ல மிச்சமிருந்த பழைய சாயத்தை ஒருத்தர் தெரியாம ஒரு டிரம்ல போட்டுட்டு, திட்டு விழும்னு மறைச்சா? டெஸ்ட்ல மொத்த லாட்டும் அடிபடும். உடனே சொல்லியிருந்தா ஒரு டிரம் நஷ்டத்தோட போயிருக்கும்.

1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் டேனரி நடத்த முடியாது என்பது அதோடு உறுதியானது. அதனால சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டரும் உங்க புராஜெக்ட் டீம்தான். ஆனா பிளானிங் மீட்டிங்குக்கு அவரைக் கூப்பிடுறோமா? "இன்னைக்கு இவ்ளோ தண்ணி தாங்காது"ன்னு அவர் சொல்ல வழி இருக்கா?

இது காசு விஷயம் மட்டும் இல்லை. சுண்ணாம்பு, சல்பைடு கலந்த கழிவுநீரோட அமிலம் சேர்ந்தா ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். தொட்டிக்குள்ள இறங்கின ஆளை அது நிமிஷத்துல சாய்ச்சுடும். 2015 ஜனவரி 31 விடியலுக்கு முன், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேறு தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஈ.க்யூ இருந்திருந்தா அந்தச் சுவர் நின்னிருக்கும்னு நான் சொல்லலை. சுவர் பொறியியல் விஷயம், அனுமதி விஷயம். நான் சொல்றது உங்க டீம் பத்தி. உங்க டீம்ல மொழி தெரியாத, கடைசியா சேர்ந்த ஆள் "இது சரியில்லை, நிறுத்துங்க"ன்னு சைகையிலயாவது சொல்ல முடியுமா? சொன்னா நீங்க நிறுத்துவீங்களா?

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தப்பு செய்ததால் அல்ல, பயமில்லாமல் வெளியே சொன்னதால் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில்தான் "உளவியல் பாதுகாப்பு" என்ற கருத்து வளர்ந்தது. உங்க டீம்ல ஒரு மாசமா யாரும் எந்தத் தப்பையும் சொல்லலைன்னா, சந்தோஷப்படாதீங்க. கொஞ்சம் கவலைப்படுங்க.

அப்போ கோர்ஸுல சேரலாமா?

"என்.எல்.பி பிராக்டிஷனர் சர்டிஃபிகேட், வெறும் ₹40,000"னு ஒரு விளம்பரம் வருதுன்னு வைங்க. உங்க மாசச் செலவு ₹15,000 என்றால், அந்தப் பணம் இரண்டரை மாசத்துக்கு மேல தாங்கும் எமர்ஜென்சி ஃபண்டு. அது உங்ககிட்ட இன்னும் இல்லைன்னா, பதில் நேரா "வேண்டாம்". கிரெடிட் கார்டு இ.எம்.ஐயில கட்டுறது பத்தி நினைக்கவே வேண்டாம்.

ஆபீஸே செலவு பண்ணி அனுப்பினா போங்க. சொந்தக் காசா இருந்தா முதல்ல மூணு கேள்வி கேளுங்க: இந்த சர்டிஃபிகேட்டை எந்த கம்பெனியாவது வேலைக்கு எடுக்கும்போது கேட்குதா? இதுக்கு அடுத்த "லெவல்" கோர்ஸ் எத்தனை இருக்கு, மொத்தச் செலவு எவ்வளவு? பணம் திரும்பக் கிடைக்குமா, எழுத்துல தருவாங்களா? அதே பணத்துல உங்க தொழில் சார்ந்த ஒரு டெக்னிக்கல் பயிற்சி எடுத்தா, பல நேரம் அதுவே அதிக பலன் தரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: செலவு ₹0

- "ஆயிடும்", "பார்த்துக்கலாம்"னு காதுல விழும்போதெல்லாம் "எது முடிஞ்சது, எது பாக்கி?"ன்னு பொறுமையா கேளுங்க.
- கோவத்துல டைப் பண்ணின வாட்ஸ்ஆப் மெசேஜை 10 நிமிஷம் அனுப்பாம வைங்க.
- தப்பைத் தானா வந்து சொன்ன ஆளுக்கு முதல் வார்த்தையா "நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க"ன்னு சொல்லுங்க. திருத்தம் அதுக்கு அப்புறம்.
- பிளான் போடும்போது ஜும்ஆ தொழுகை, நோன்பு மாசம், பொங்கல், பஸ் நேரம் எல்லாத்தையும் காலண்டர்ல முதல்லயே குறிச்சுடுங்க. கடைசி நேரத்துல "அட்ஜஸ்ட் பண்ணுங்க"ன்னு கேட்காதீங்க.
- டீம்ல வேற மொழி பேசுறவங்க இருந்தா, "நிறுத்து", "ஆபத்து", "வாயு" இந்த மூணு வார்த்தையை அவங்க மொழியில கத்துக்கோங்க.
- ஒவ்வொரு ஆர்டர் முடிஞ்சதும், தவிர்த்த தாமதம், மிச்சப்படுத்தின மறுவேலை எல்லாத்தையும் தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைங்க. அப்ரைசல்ல "நான் நல்லா டீமை நடத்துறேன்"னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நோட்டைத் திறந்து காட்டுங்க.

அந்த 4% அந்த நோட்டுக்குள்ளதான் இருக்கு நண்பர்களே. வந்த இன்கிரிமென்ட்ல பாதியை எஸ்.ஐ.பியில ஏத்துறது எப்படின்னு அடுத்த வீடியோல பார்ப்போம். உங்க டீம்ல இருக்கிற "ஆயிடும்" கதையைக் கமெண்ட்ல எழுதுங்க. கம்பெனி பேரு, ஆள் பேரு வேண்டாம்.