படித்தது பரீட்சை மண்டபத்தில் மறக்கிறதா?

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஐந்து வழிகள்:

1. பாடத்தைத் தெரிந்த ரயில் பாதையில் கோத்து வையுங்கள். உணவு சமிக்கும் பாதையைப் படிக்கிறீர்கள் என்றால், பதுளைப் பாதை ஸ்டேஷன்களோடு சேருங்கள்: எல்லயில் வாய், தெமோதரைச் சுரங்கத்தில் களம், உடுவரையில் இரைப்பை, ஹாலிஎலயில் சிறுகுடல், பதுளையில் பெருங்குடல். தெரிந்த வரிசை தெரியாததை இழுத்து வரும்.

2. கொப்பியை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். எழுதினால்தான் ஓட்டை தெரியும்.

3. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மீட்டுங்கள். தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டிய ரயில் சுற்றிவந்து அதன் அடியிலேயே போகிறதல்லவா? அப்படித் திரும்பி வந்தால்தான் மனதில் நிற்கும்.

4. கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மாவுக்குச் சொல்லிக்காட்டுங்கள். தடுமாறும் இடமே மறுபடி படிக்க வேண்டிய இடம்.

5. லயத்தில் சத்தமா? முன்னேரமே படுத்து விடியற்காலையில் எழும்புங்கள். தூக்கத்தில்தான் படித்தது பதியும்.