ரைடிங் மோவர் வாங்கும் முன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் ஹோம் டிப்போ, லோவ்ஸ் கடை வாசல்களில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் புல்வெட்டும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அபார்ட்மெண்டிலிருந்து புறநகர் வீட்டுக்கு மாறி, முக்கால் ஏக்கர் புல்லோடு மல்லுக்கட்டும் நம்மவர்கள் பலர் ரைடிங் மோவரை முதலில் பார்ப்பது அங்கேதான். சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்ததுமே பாதி மனசு கரைந்துவிடும். ஆனால் வண்டி பத்து வருஷம் ஓடுமா, இரண்டாம் வருஷமே ஷெட்டில் முடங்குமா என்பதைப் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் சில பாகங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் எத்தனை மைல் தள்ளி இருக்கிறார் என்பது மீதியைத் தீர்மானிக்கிறது.

செய்ய வேண்டியவை

1. புல்லை அளந்து பாருங்கள். மனையின் மொத்த அளவிலிருந்து வீடு, டிரைவ்வே, மரத்தோப்பு எல்லாவற்றையும் கழியுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மிஞ்சுவது அரை ஏக்கருக்குக் குறைவென்றால், தானே நகரும் சாதாரண மோவரே போதும், பணம் மிச்சம். அரை ஏக்கருக்கு மேல் இரண்டு ஏக்கர் வரை 42 அங்குல டெக் (பிளேடுகள் சுழலும் தகட்டுக் கூடு) சரியாக இருக்கும். அதற்கும் மேலே போனால் 48 அல்லது 54 அங்குலம் பாருங்கள். மணிக்கு 4 மைல் வேகத்தில், திருப்பங்களையும் சேர்த்து, 42 அங்குல வண்டி ஒரு ஏக்கரைச் சுமார் முக்கால் மணி நேரத்தில் முடிக்கும். பின்னால் நடந்து தள்ளும் 21 அங்குல மோவருக்கு அதே வேலை ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

2. வேலிக் கதவையும் அளந்து பாருங்கள். 42 அங்குலம் என்பது பிளேடு வெட்டும் அகலம் மட்டுமே. வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் தள்ளும் மடலையும் சேர்த்தால் பல வண்டிகள் 50 அங்குலத்தைத் தாண்டும். 48 அங்குலக் கேட்டுக்குள் நுழையாத வண்டி, பேக்யார்டுக்கு எதற்கு?

3. சரிவைக் கணக்கில் எடுங்கள். பெரும்பாலான கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள் என்கின்றன. அது நூறடிக்கு ஏறத்தாழ 27 அடி ஏற்றம். போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப்பை ஒரு பலகைமேல் வைத்தாலே தெரிந்துவிடும். நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் சும்மா சுழல்பவை. திருப்புவது, நிறுத்துவது எல்லாம் பின்சக்கரங்கள்தான். ஈரச் சரிவில் அவை வழுக்கினால் திசையும் போச்சு, பிரேக்கும் போச்சு. மரங்களும் பூப்பாத்திகளும் நிறைந்த சமதரைக்கு ஜீரோ டர்ன் அருமை. மேடுபள்ளமான இடத்துக்கும், கீழே குளமோ தடுப்புச் சுவரோ இருக்கிற இடத்துக்கும் ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டரே நல்லது.

4. டிரான்ஸ்மிஷனின் பெயரைக் கேளுங்கள். விற்பனையாளர் இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார். வண்டியை நகர்த்தும் பெட்டியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். விலை குறைந்த லான் டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது டஃப் டார்க் கே46 போன்ற சிறிய ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டி. சமதரையில் புல் வெட்டுவதோடு நின்றால் அது பல வருஷம் உழைக்கும். தினம் மேடேற்றினாலோ, மண் ஏற்றிய டிரெய்லரை இழுக்கவைத்தாலோ உள்ளேயிருக்கும் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும், இழுவை குறையும். வண்டியிலிருந்து கழற்றாமல் அதன் எண்ணெயை மாற்றவும் வழியில்லை. உங்கள் வேலை கனமானது என்றால் கூடுதல் பணத்தை இங்கே போடுங்கள்.

5. குனிந்து டெக்கைப் பாருங்கள். தகட்டின் கனத்தைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன். 13 கேஜ் சுமார் 2.3 மில்லிமீட்டர், 11 கேஜ் சுமார் 3. பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டிலில் கிரீஸ் போட முனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜினில் ஆயில் ஃபில்டர் இருப்பது நல்ல அடையாளம்.

6. வாரண்டியை வரி வரியாகப் படியுங்கள். ஜான் டீரின் எஸ்100 வரிசைக்கு 2 வருஷம் அல்லது 120 மணி நேரம், எக்ஸ்300 வரிசைக்கு 4 வருஷம் அல்லது 300 மணி நேரம். எது முந்துகிறதோ அது. வாரம் ஒரு மணி நேரம், சீசனுக்கு 30 வாரம் என்று ஓட்டினால் 2 வருஷத்தில் 60 மணி நேரம்தான் ஆகும். வீட்டுக்காரருக்கு முதலில் தீர்வது வருஷக் கணக்கே. இருந்தாலும் அந்த மணிக் கணக்கைக் கவனியுங்கள்: வண்டியிடம் எவ்வளவு உழைப்பை எதிர்பார்க்கலாம் என்று செய்தவரே அதில் சொல்லிவிடுகிறார்.

7. பேட்டரி வண்டி என்றால், புது பேட்டரி என்ன விலை என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

1. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே பச்சை, அதே மான் சின்னம். ஆனால் பெரிய கடையில் நிற்கும் எஸ்100-உம், டீலரிடம் நிற்கும் எக்ஸ்300-உம் வேறு வேறு வண்டிகள். கப் கேடட், டிராய்-பில்ட் இரண்டும் எம்டிடி என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள். அந்த நிறுவனத்தையே 2021-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் முழுதாக வாங்கிவிட்டது. மாடல் எண்ணைப் பார்த்துப் பேசுங்கள், பிராண்டைப் பார்த்து அல்ல.

2. குதிரைத்திறனுக்கு மயங்காதீர்கள். 42 அங்குல டெக்குக்கு 18 குதிரைத்திறனே தாராளம். 22 என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியிலும் அடியில் அதே சின்ன டிரான்ஸ்மிஷன் இருக்கலாம்.

3. பழைய வண்டி என்பதற்காக ஒதுக்காதீர்கள். ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயது முதியவர், உடல்நலம் குன்றிய அண்ணனைப் பார்க்க 1994-இல் அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்குச் சுமார் 240 மைல் போனது, 1966-இல் செய்த ஜான் டீர் புல்வெட்டி மேல் உட்கார்ந்துதான். டேவிட் லிஞ்ச் 1999-இல் அதைப் படமாகவும் எடுத்தார். உதிரிபாகம் கிடைக்கிற, நன்றாகப் பராமரித்த பழைய வண்டி, மலிவான புது வண்டியைவிட மேல்.

4. ஆனால் பழைய வண்டியைச் சூடான இன்ஜினோடு வாங்காதீர்கள். போனவுடன் பானெட்டின் மேல் கை வையுங்கள். கதகதப்பாக இருந்தால், நீங்கள் வருமுன்னே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஆறியபின் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் சட்டென்று கிளம்புகிறதா, நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஒரு மேட்டில் ஏற்றுங்கள். நோய்ப்பட்ட டிரான்ஸ்மிஷன் சூடேறிய பிறகுதான் மூச்சு வாங்கும். ஐந்து நிமிட ஓட்டத்தில் பிடிபடாது. கடைசியாக இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிளேடு நுனியை மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறது.

5. புல்வெட்டும் வண்டியை உழவு டிராக்டராக நினைக்காதீர்கள். காய்கறிப் பாத்தி போட மண்ணைக் கிளறும் கருவியை லான் டிராக்டரில் மாட்டினால் டிரான்ஸ்மிஷனும் போகும், வாரண்டியும் போகும்.

6. பம்பில் கைக்குக் கிடைத்த பெட்ரோலை ஊற்றாதீர்கள். 10 சதவீதம் எத்தனால் கலந்தது வரை சரி. இ15, இ85 கூடாது. போன அக்டோபரில் டேங்கில் விட்ட பெட்ரோலோடு ஏப்ரலில் ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். குளிர்காலத்துக்கு முன் ஸ்டெபிலைசர் கலந்து, சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள்.

7. சீட் சுவிட்சை முடக்கிய வண்டியை வாங்காதீர்கள். ஓட்டுபவர் எழுந்தால் பிளேடு நிற்கவேண்டும் என்பதற்குத்தான் அது. பேரப்பிள்ளையை மடியில் வைத்து ஒரு ரவுண்டு என்பதும் வேண்டவே வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ரைடிங் மோவரை ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் அறிவுரை.

8. புல் முழங்கால் உயரம் வளர்ந்து, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் (எச்ஓஏ) கடிதம் வந்தபிறகு கடைக்கு ஓடாதீர்கள். அவசரத்தில் கையிருப்பில் உள்ளதைத்தான் தலையில் கட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் விலையும் இறங்கும், பேசி வாங்கவும் அவகாசம் இருக்கும்.

முடிவெடுக்கும் நாளில் டீலரின் சர்வீஸ் கவுண்டருக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாடலுக்கு டெக் பெல்ட் இப்போது கையில் இருக்கிறதா? மே மாதத்தில் ரிப்பேருக்கு விட்டால் எத்தனை நாளில் கிடைக்கும்? வீட்டுக்கு வந்து எடுத்துப்போக என்ன கட்டணம்? பதில் சுற்றி வளைத்து வந்தால், வண்டி எவ்வளவு பளபளத்தாலும் அடுத்த டீலரைப் பாருங்கள்.