சீன, இந்திய மெய்யியற் சிந்தனைகள்: சிந்தனையாளரும் அரசும்

அறிமுகம்

கி.மு. 6 ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. 3 ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் சீனாவிலும் வட இந்தியாவிலும் பல சிந்தனைப் பிரிவுகள் தோன்றின. இவற்றைக் கற்கும் மாணவர்கள் சிந்தனையாளரின் பெயரையும் கொள்கையின் பெயரையும் மட்டும் மனனஞ் செய்தல் போதுமானதன்று. ஒவ்வொரு சிந்தனையாளரும் தமது காலத்தில் எழுந்த ஒரு வினாவிற்கு விடை கூறியவராவார். எனவே வினா யாது, அவர் கூறிய விடை யாது, அவ்விடை அரசின் கொள்கையாக மாறியபோது நிகழ்ந்தது யாது என்னும் மூன்றையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

1. சிந்தனைகள் தோன்றிய பின்னணி

சீனாவில் கி.மு. 771 இல் சூ வம்சத்தின் மேற்குத் தலைநகர் வீழ்ந்தது. அதன் பின்னர் மன்னனின் அதிகாரம் பெயரளவிலேயே நிலைத்தது. சிற்றரசுகள் தம்முட் போரிட்டன. கி.மு. 5 ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. 221 வரையான காலம் "போரிடும் அரசுகளின் காலம்" எனப்படுகின்றது. ஆகவே சீனச் சிந்தனையாளரின் முதன்மை வினா, "குலைந்த ஒழுங்கை மீண்டும் நிலைநாட்டுவது எவ்வாறு?" என்பதாகும்.

வட இந்தியாவிலே கங்கைச் சமவெளியில் நகரங்களும் வணிகமும் வளர்ந்தன. பழைய குலக்குழு அமைப்புத் தளர்ந்து மகதம், கோசலம் போன்ற அரசுகள் வலிமை பெற்றன. வேள்விச் சடங்குகள் பற்றிய ஐயம் எழுந்தது. உபநிடதங்கள் ஆன்மா, பிரமம், மறுபிறப்பு ஆகியவற்றை ஆராய்ந்தன. வீடு துறந்து அலைந்த சிரமணர்களும் புதிய கருத்துக்களைப் பரப்பினர். இங்கு முதன்மை பெற்ற வினா, "மனிதனைத் துன்பத்திற் பிணிப்பது எது? அதிலிருந்து விடுபடுவது எவ்வாறு?" என்பதாகும்.

2. சீனச் சிந்தனைப் பிரிவுகள்

(அ) கன்பூசியஸ் (கி.மு. 551–479)
லூ அரசிற் பிறந்தவர். தமது கருத்தை ஏற்கும் அரசனைத் தேடிப் பல அரசுகளுக்குச் சென்றும் வெற்றி பெறவில்லை. மனிதநேயம் (ரென்), முறைமை (லி) ஆகிய இரண்டும் இவரது சிந்தனையின் அடிப்படைகள். ஆள்பவன் ஒழுக்கமுடையவனாயின் மக்கள் தண்டனையின்றியே நல்வழி நிற்பர் என்றார். மேன்மகன் என்பது பிறப்பால் அன்றிக் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் அடையும் நிலை என்பது இவரது புதுமையான கருத்தாகும். இவரது உரையாடல்களைத் தொகுத்தோர் மாணவர் பரம்பரையினரே.

(ஆ) மோசி (கி.மு. 5 ஆம் நூற்றாண்டு)
குடும்பத்தாரை முதன்மைப்படுத்தும் அன்பு பகைமைக்கு இடமளிக்கும் எனக் கருதி, யாவரிடத்தும் பாகுபாடற்ற அன்பு செலுத்துமாறு போதித்தார். ஆக்கிரமிப்புப் போரையும் ஆடம்பரமான ஈமச் சடங்குகளையும் எதிர்த்தார்.

(இ) தாவோ சிந்தனை
லாவோசு இதன் மூலவராக மரபிற் கொள்ளப்படுகின்றார். "தாவோ தே சிங்" இதன் அடிப்படை நூல். இயற்கையின் போக்கிற்கு மாறாக வலிந்து செயற்படாமையே "வூ வெய்" ஆகும். இது சோம்பலைக் குறிப்பதன்று. சட்டங்களும் தலையீடுகளும் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகும் என்பதே இதன் அரசியற் கருத்து. கி.மு. 4 ஆம் நூற்றாண்டினரான சுவாங்சி இச்சிந்தனையை உவமைக் கதைகளால் விளக்கினார்.

(ஈ) மனித இயல்பு பற்றிய விவாதம்
மனிதன் இயல்பில் நல்லவனா என்னும் ஒரே வினாவிற்கு மூவர் கூறிய விடைகளை ஒப்பிடுக.

மென்சியஸ்: மனித இயல்பு நன்மையை நோக்கியது. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் காணும் எவரும் பதறுவர் என்பது இவர் காட்டிய சான்று. எனவே அரசு அந்நற்பண்பை வளர்த்தல் வேண்டும்.
சுன்சி: மனித இயல்பு தன்னலமானது. ஆயினும் வளைந்த மரத்தை நிமிர்த்துவது போலக் கல்வியாலும் முறைமையாலும் அதனைத் திருத்தலாம்.
ஹான் பெய்: தன்னலத்தைத் திருத்துவதிலும் பார்க்கப் பயன்படுத்துவதே மேல். பரிசும் தண்டனையும் கொண்ட கண்டிப்பான சட்டமே போதுமானது. இது சட்டவாதம் எனப்படும்.

ஹான் பெய் சுன்சியின் மாணவர் என்பது மரபு. ஆசிரியரின் கருத்தில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக் கல்வியைக் கைவிட்டமையே இருவருக்குமிடையிலான வேறுபாடாகும்.

3. இந்தியச் சிந்தனைப் பிரிவுகள்

(அ) வினைப்பயன் பற்றிய விவாதம்
"மனிதனின் செயல் அவனது எதிர்காலத்தை நிர்ணயிக்கின்றதா?" என்னும் வினாவிற்குப் பின்வரும் விடைகள் கூறப்பட்டன.

மற்கலி கோசாலர் (ஆசீவகம்): யாவும் நியதியின்படியே நிகழும். முயற்சியால் எதனையும் மாற்றவியலாது.
அஜித கேசகம்பலர் (பொருள்முதல்வாதம்): உடல் அழிய யாவும் அழியும். மறுபிறப்பும் இல்லை, வினைப்பயனும் இல்லை.
வர்த்தமான மகாவீரர் (சமணம்): வினை உயிரைப் பற்றும். கொல்லாமையும் கடுந்தவமும் அதனை நீக்கும்.
கௌதம புத்தர் (பௌத்தம்): செயலின் பின்னுள்ள எண்ணமே முக்கியமானது. துன்பத்திற்குக் காரணம் ஆசை. எண்வகை வழியால் அதனை ஒழிக்கலாம். நிலையான ஆன்மா என ஒன்றில்லை.

(ஆ) ஆறு தரிசனங்கள்
வேதத்தைப் பிரமாணமாக ஏற்ற பிரிவுகள் பின்னர் ஆறாக வகுக்கப்பட்டன. அவை நியாயம் (கௌதமர்), வைசேடிகம் (கணாதர்), சாங்கியம் (கபிலர்), யோகம் (பதஞ்சலி), மீமாம்சை (ஜைமினி), வேதாந்தம் (பாதராயணர்) என்பனவாகும். புத்தரின் குடிப்பெயரான கௌதமரும் நியாய ஆசிரியரான கௌதமரும் வேறானவர்கள். சாங்கியம் படைப்புக் கடவுளை வலியுறுத்தாவிடினும் வேதத்தை ஏற்பதால் ஆத்திகப் பிரிவாகவே கொள்ளப்படும்.

தமிழிலே மணிமேகலைக் காப்பியத்தின் 27 ஆவது காதை பல்வேறு சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைப்பதாக அமைந்துள்ளது. ஆசீவகமும் அவற்றுள் ஒன்றாகும்.

4. சிந்தனை அரசின் கொள்கையானபோது

(அ) சின் பேரரசு
சட்டவாதத்தைப் பின்பற்றிய சின் அரசு கி.மு. 221 இல் சீனாவை ஒன்றிணைத்தது. எழுத்து, நிறுத்தல், அளத்தல் ஆகியன ஒருமைப்படுத்தப்பட்டன. கி.மு. 213 இல் அமைச்சர் லீ சியின் ஆலோசனைப்படி பிற சிந்தனைப் பிரிவுகளின் நூல்கள் எரிக்கப்பட்டன. மருத்துவம், வேளாண்மை போன்ற துறை நூல்களுக்கு விலக்களிக்கப்பட்டது.

கி.மு. 209 இல் காவற் பணிக்கு அனுப்பப்பட்ட ஒரு குழுவினர் பெருமழையால் வழியிற் தாமதித்தனர். தாமதத்திற்குத் தண்டனை மரணம் என அஞ்சிய அவர்கள் கிளர்ச்சி செய்தனர் என வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதியுள்ளார். பணிந்தாலும் மரணம், எதிர்த்தாலும் மரணம் என்னும் நிலையில் அச்சத்தின் பயன் அற்றுப்போயிற்று. கி.மு. 206 அளவில் சின் ஆட்சி முடிவுற்றது.

(ஆ) மௌரியப் பேரரசு
அசோகன் கி.மு. 261 அளவிற் கலிங்கத்தை வென்றான். ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை இலட்சம் பேர் அகற்றப்பட்டதையும் 13 ஆவது பாறைச் சாசனத்தில் தானே குறிப்பிட்டு வருந்துகின்றான். 12 ஆவது பாறைச் சாசனம் பிற சமயத்தாரையும் மதிக்குமாறு கூறுகின்றது. பௌத்தனாகிய அவன் பராபர் மலைக்குகைகளை ஆசீவகத் துறவிகளுக்கு வழங்கினான். தன்னோடு உடன்படாத சிந்தனையை ஓர் அரசு எவ்வாறு நடத்தியது என்பதே சின், மௌரிய அரசுகளுக்கிடையிலான முக்கிய வேறுபாடாகும்.

எனினும் விடையை ஒருபக்கச் சார்பாக எழுதுதல் கூடாது. அசோகன் மரண தண்டனையை நீக்கவில்லை. அவனுக்குப் பின் சுமார் அரை நூற்றாண்டில் மௌரியப் பேரரசும் வீழ்ந்தது. சின் அரசின் நிருவாக அமைப்பையோ அடுத்து வந்த ஹான் வம்சத்தினர் பெரிதும் தொடர்ந்தனர்.

(இ) ஹான் வம்சத்தின் இணக்கம்
பேரரசர் வூ (கி.மு. 141–87) கன்பூசிய நூல்களை அரச கல்வியின் அடிப்படையாக்கினார். கி.மு. 124 இல் அரச கல்விக்கழகம் நிறுவப்பட்டது. சட்டவாத நிருவாகமும் கன்பூசிய அறமும் இவ்வாறு இணைந்தன. சூயி வம்சக் காலத்தில் தொடங்கிய அரச சேவைப் பரீட்சை முறை 1905 வரை நிலைத்தது.

5. இரு மரபுகளின் சந்திப்பு

கி.பி. 1 ஆம் நூற்றாண்டளவில் பௌத்தம் சீனாவை அடைந்தது. கி.பி. 401 இல் சாங்கான் நகரை அடைந்த குமாரஜீவர் பௌத்த நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். கி.பி. 399 இற் புறப்பட்ட பாகியன் இந்தியாவிலிருந்து இலங்கைக்கும் வந்து, அநுராதபுரக் காலத்து அபயகிரி விகாரையைப் பற்றி எழுதினார். நாலந்தாவிற் கற்ற யுவான் சுவாங் கி.பி. 645 இல் 657 நூல்களுடன் நாடு திரும்பினார். பௌத்தமும் தாவோ சிந்தனையும் கலந்த சூழலில் சான் பௌத்தம் வளர்ந்தது. யப்பானில் அது சென் எனப்படும்.

6. பிற்கால வளர்ச்சி

சீனாவில் சூ சி (1130–1200) பௌத்தத்தின் சவாலுக்கு விடையாகக் கன்பூசியத்தைப் புதுப்பித்தார். இந்தியாவில் வேதாந்தம் மூன்றாக விரிந்தது. சங்கரர் அத்துவைதத்தையும், இராமானுசர் விசிட்டாத்துவைதத்தையும், மத்துவர் துவைதத்தையும் நிறுவினர். 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூலம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருட் கொள்கையை முறைப்படுத்தினார்.

நினைவிற் கொள்க

• சீனச் சிந்தனை சமூக ஒழுங்கையும் இந்தியச் சிந்தனை விடுதலையையும் முதன்மைப்படுத்தின. இது பொதுப்போக்கு மட்டுமே. இந்தியாவில் அர்த்தசாஸ்திரம் அரசியலை ஆராய்ந்தது. சீனாவில் சுவாங்சி அரச பதவியை விரும்பாதவர்.
• பௌத்தம், சமணம், ஆசீவகம் ஆகியன ஆறு தரிசனங்களுள் அடங்கா.
• பரீட்சை முறையைத் தொடக்கியவர் கன்பூசியஸ் அல்லர்.

பயிற்சி வினாக்கள்

1. "வூ வெய்" என்பதன் பொருளைச் சுருக்கமாக விளக்குக.
2. வினைப்பயன் தொடர்பாகக் கோசாலரும் புத்தரும் கொண்டிருந்த கருத்துக்களை வேறுபடுத்துக.
3. மனித இயல்பு பற்றிய கருத்து ஆட்சிமுறையை எவ்வாறு பாதிக்கும்? இரு சீனச் சிந்தனையாளரைக் கொண்டு விளக்குக.
4. "சட்டத்தால் மட்டும் அரசு நிலைபெறாது." சின் பேரரசின் வரலாற்றைக் கொண்டு ஆராய்க.

விடைக்குறிப்பு (வினா 4): சட்டவாதத்தின் அடிப்படை, ஒன்றிணைப்பும் ஒருமைப்பாட்டு நடவடிக்கைகளும், கி.மு. 213, 209 நிகழ்வுகள். ஹான் வம்சம் தொடர்ந்தவையும் மாற்றியவையும். கூற்றுடன் எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள் என்பதை முடிவுரையிற் காரணத்துடன் எழுதுக.